குழாய்க்குள் இருட்டு

மழை பிடித்துவிட்டால் தாராவியில் ஆணென்றும் பெண்ணென்றும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே உடுப்பு, கோணிச் சாக்கு. சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் திணித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் முதுகு நனையாது. முகமும் தெரியாது. தோல் கிட்டங்கிக்குப் போகிறவர்கள், குழாயடியில் நிற்கிறவர்கள், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் எல்லாரும் சாக்குகள்தான். ரேஷனில் சிவப்புச் சோளம் போட்ட வருஷம் அது. அரிசிக்குத்தான் பஞ்சம், சாக்குக்கு இல்லை என்று அம்மா சொல்லுவாள்.

அந்த மழையில்தான் பூலோகம் மாமா வாசலைத் தாண்டுவதை நிறுத்தினார்.

அங்கே அறையைக் கோலி என்பார்கள். எங்கள் கோலிக்கும் அவர்கள் கோலிக்கும் நடுவே ஒரு தகரம்தான் சுவர். ஒரே அறையைத் தகரம் வைத்து மறித்து இரண்டு குடித்தனத்துக்கு விட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் கடுகு வெடித்தால் இந்தப் பக்கம் தம்பி விழித்துக்கொள்வான். யாரோ ஆணி அடித்துப் பிடுங்கின ஓட்டை ஒன்று தகரத்தில் இருந்தது. உட்கார்ந்தால் அது என் கண்ணுக்கு நேராக இருக்கும்.

மாமா, தோலை இருப்பு வைக்கிற கரீம் பாட்சாவின் கிட்டங்கியில் காவல்காரர். அத்தைக்கு அதே கிட்டங்கியில் பகல் வேலை. வந்து இறங்கும் பச்சைத் தோலை விரித்து உப்புத் தேய்க்க வேண்டும். பேராச்சி அத்தையின் உள்ளங்கை கோடையில் வெடித்த குளத்துத் தரை மாதிரி இருக்கும். அந்தக் கையால் எங்களைத் தொட்டால் சொரசொரக்கும். பக்கத்துக் கிட்டங்கியில் திருட்டுப் போன பிறகு, கரீம் பாட்சா சர்க்காரில் லைசென்ஸ் வாங்கி, அதில் மாமாவின் பெயரையும் சேர்த்து எழுத வைத்து, ஒரு பழைய பிஸ்டலை அவர் இடுப்பில் கட்டிவிட்டார். அன்றிலிருந்து மாமா நடையே மாறிப்போனது என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். போன ஆயுத பூஜைக்கு அத்தை அருவாளையும் தோல் சுரண்டும் கத்தியையும் கழுவிப் பலகையில் வைத்தபோது நடுவில் பிஸ்டலையும் வைத்தாள். பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டில் தோட்டாக்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். எல்லாம் கோயில் மணி மாதிரி பளபளத்தன. சந்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் பொரி வாங்கிப் போனார்கள்.

இப்போது அந்த மாமா சுவரோரமாகச் சுருண்டு கிடந்தார். கரீம் பாட்சா மகள் கல்யாணத்துக்கு மேலப்பாளையம் போயிருந்தார். கிட்டங்கியில் வேறொரு ஆள் கம்போடு நின்றான். மாமாவுக்குக் காய்ச்சல் என்று அத்தை சொல்லியிருந்தாள்.

"ஒரு வாய் கஞ்சி குடிங்க."

"வேண்டாம்."

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. தொட்டா ஒடம்பு தண்ணியா இருக்கு. என்னதான் செய்யுதுன்னு சொன்னாத்தான தெரியும்."

"வாசல்ல யாரு நிக்கா?"

"சொர்ணம்மாதான். தண்ணிக்குப் போறா."

"சாக்க எடுக்கச் சொல்லு."

"மழையில நிக்கிறவளப் போயி சாக்க எடுன்னா என்னையத்தான் பாகல், கிறுக்கின்னு சொல்லுவா."

"எடுக்கச் சொல்லு பேராச்சி."

எதிர்க் கோலிச் சொர்ணம்மாளுக்குக் காது கூர்மை. குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சாக்கை நீக்கி வாசலுக்குள் முகத்தை நீட்டினாள். "நல்லாப் பாத்துக்கிடுங்கண்ணே. பொண்ணு புடிச்சிருக்கா? நக நட்டெல்லாம் பொறவு பேசிக்கிடலாம்."

மாமா சிரிக்கவில்லை. அவள் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சொர்ணம்மாளும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் சொல்லிவிட்டார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். தம்பி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நான் ஒரு ஆளச் சுட்டுட்டேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"வெளக்கு வைக்கிற நேரம். மழை கண்ண மறைச்சிட்டுப் பெய்யிது. கிட்டங்கிக்குப் பொறத்தால, உப்பங்கழிப் பக்கத்துல இருந்து ஒருத்தன் வாறான். சாக்கு போட்டிருக்கான். யாருவேன்னேன். பேசல. இந்தியில கோன் ஹைன்னேன். அதுக்கும் பேசல. கையில என்னமோ நீளமா வச்சிருக்கான். நேரா என்னையப் பாத்து வாறான். எடுத்துட்டேன். அமுத்திட்டேன்."

"பொறவு?"

"டமார்னு கேக்கணும்லா? கேக்கல. ஈரப் பட்டாசு மாதிரி புஸ்ஸுன்னுச்சு. அவன் நின்னான். வயித்தப் புடிச்சான்னு நெனைக்கேன். இல்ல, சாக்கத்தான் இழுத்துப் புடிச்சானோ. அப்படியே திரும்பிக் கழிக்குள்ள எறங்கிட்டான்."

"ஓடினானா?"

"நடந்துதான் போனான்."

"நடந்துதான போனான். பொறவு என்ன?"

"கழியில தண்ணி ஏறிக்கிட்டு இருந்துச்சு பேராச்சி."

மழை தகரத்தில் கல்லை வாரிக் கொட்டுவது போலப் பெய்தது.

"குண்டு வெளிய போயிருந்தா சத்தம் கேட்டிருக்கும்."

"மழைச் சத்தம். எனக்குக் காதும் அடைச்சிட்டு."

"அந்தச் சனியன் எங்க இருக்கு இப்ப?"

"உம் பொட்டியில. கல்யாணச் சேலைக்கு அடியில."

"அட மனுசா." அத்தை எழுந்தாள். "எடுத்துப் பாப்போம். குண்டு உள்ள இருந்தா அவனுக்கு ஒண்ணும் ஆவலன்னு தெரிஞ்சிரும்லா?"

"உள்ள இல்லன்னா?"

பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"அதத் தொடாத. தெரியாத மட்டும் அவன் பாதி உசுரோடயாவது இருக்கான்."

மறுநாள் அத்தை உப்பு வேலை முடிந்ததும் வீட்டுக்கு வரவில்லை. கழியில் நீர் வற்றின நேரம். சேற்றங்கரையோரமாக அவள் குனிந்து குனிந்து நடப்பதை, தண்ணீருக்குப் போன சொர்ணம்மாள் பார்த்திருக்கிறாள். "என்னடீ தேடுதே, மூக்குத்தியா?" என்று கேட்டதற்கு ஆமாம் என்றாளாம். வெளிக்குப் போக வந்தவர்கள், நண்டு பிடிக்கிறவர்கள், ஒவ்வொருவரையும் விசாரித்திருக்கிறாள். இந்தப் பக்கம் யாராவது அடிபட்டுக் கிடந்தார்களா? ஒருத்தன் நாய் ஒன்று செத்து மிதந்தது என்றான். ஒருத்தி போன வருஷத்துச் சாவு ஒன்றைச் சொன்னாள். அத்தை முழங்கால் வரை கறுத்த சேற்றோடு திரும்பி வந்தாள். சாக்கோடு அவள் வாசலில் நின்றதும் உள்ளே தட்டு உருண்டது.

"நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே அத்தை சாக்கை உருவி எறிந்தாள். மாமா அடுப்பு மூலையில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அவள் அவரிடம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்த அமிர்தநாதன் அண்ணாச்சியைச் சந்து முனையில் மறித்துக் கூட்டிவந்தாள். அவருக்குக் குர்லாவில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை. வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையின்போது பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். துப்பாக்கிகளைக் கழற்றிக் கழுவி மாட்டுவதே அப்போது அவருக்கு வேலை. வெள்ளைச் சட்டையில் மழை பட்டுவிடக் கூடாதென்று குடையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அத்தை கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"காய்ச்சல்காரரே, விஷயத்த தங்கச்சி சொல்லிட்டு. அமுத்தின பொறவு என்ன செஞ்சீரு? ஒண்ணும் விடாம சொல்லும்."

மாமா தரையைப் பார்த்தார். "மறுபடியும் அமுத்தினேன்."

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளிடம் இதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"அமுங்குச்சா?"

"இல்ல. அது மேல் இரும்பப் பின்னால இழுத்து விட்டேன். காலித் தோட்டா தெறிச்சுச் சேத்துல விழுந்துச்சு. பொறவும் அமுத்தத்தான் போனேன். வெரலு வரல."

அண்ணாச்சி டீக் கிளாசைக் கீழே வைத்தார்.

"ஓய், இழுத்து விட்டா அடுத்த தோட்டா ஏறிரும்லா. இப்ப அது ஏறித்தான் நிக்கிது. குண்டு குழாயில சிக்கியிருந்தா, முன்னால ஒண்ணு அடைச்சிட்டு நிக்கிது, பின்னால ஒண்ணு வெடிக்க நிக்கிது. இதையா சேலைக்கு அடியில வச்சிருக்கீரு?"

"இன்னொண்ணு சுட்டா முன்னால இருக்கிறதத் தள்ளிக்கிட்டு வந்துராதா அண்ணாச்சி?"

"வரும். குழாயும் பொளந்து, உம்ம கையும் கூடவே வரும்." அவர் சட்டைக் கையை மடித்தார். "நாயப்படி இது நம்ம வேலையே இல்ல. கோட்டை ஏரியாவுல லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரன் இருக்கான். முதலாளியக் கூட்டிக்கிட்டு அங்க போவணும்."

"ஏறி நிக்கிறத ரயில்ல கொண்டு போவீங்களாண்ணே?" என்றாள் அத்தை. "நசுங்கிக்கிட்டுப் போற கூட்டத்துல?"

அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டார். "அதுவும் சரிதான். ஏறி நிக்கிறத எறக்கிருவோம்."

எல்லாரையும் சந்துக்கு விரட்டினார். தம்பியைத் தூக்கிக்கொண்டு நான் அம்மாவோடு மழையில் நின்றேன். கிட்டங்கியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த உப்பு மூட்டைகளை அத்தை ஒவ்வொன்றாக இழுத்துப் பின்சுவரோரமாக அடுக்கினாள். அவள் மட்டும் தன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்ளலாம் என்றார் அண்ணாச்சி. மாமா சந்திலும் நிற்கவில்லை. முனைக் கடைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

பெட்டி திறக்கிற சத்தம். பாச்சை உருண்டை வாசனை சந்துவரை வந்தது. அண்ணாச்சி தனக்குத்தானே பேசிக்கொள்வதும் கேட்டது. "துப்பாக்கி மூஞ்சி மூட்டையப் பாத்தே இருக்கணும். வெரலு இங்க வரப்படாது. மொதல்ல கீழ இருக்கிற தோட்டா டப்பா. ம், வந்துட்டு. இனி மெதுவா." இரும்பு உரசுகிற சத்தம். பிறகு தட்டில் ஏதோ விழுந்து உருண்டது. "ஏசுவே" என்றார், கடையில் சில்லறை கேட்கிற குரலில்.

நாங்கள் உள்ளே போனபோது பிஸ்டல் தனித்தனித் துண்டாகத் துணியில் கிடந்தது. வெறும் குழாயைக் கையில் எடுத்து அண்ணாச்சி அத்தையிடம் நீட்டினார்.

"இப்ப இது அடுப்பூதுற குழா மாதிரிதான். பயம் இல்ல. வாசலப் பாத்துப் புடிச்சு இது வழியாப் பாரு. வெளிச்சம் தெரியுதா?"

அத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் வைத்தாள். எனக்கு அவள் கழுத்து நரம்பு தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இருட்டா இருக்குண்ணே."

"நல்லாப் பாரு. ஊசி முனை வெளிச்சமாவது?"

"இல்லண்ணே. ஒரே இருட்டு." சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "ஒரே இருட்டுண்ணே. சாமி, ஒரே இருட்டா இருக்கு."

மாமா வந்தார். அவரும் பார்த்தார். ஆனால் முகம் தெளியவில்லை.

"சேறு அடைச்சிருக்கும்" என்றார்.

"சேறு எங்கிட்டு ஓய் குழாய்க்குள்ள ஏறும்?"

"கை தவறிக் கீழ போட்டேன். சேத்துல கெடந்துதான் எடுத்தேன். குண்டக் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

சொர்ணம்மாள் வாசலில் நின்றபடி, அடுப்பில் வைத்தால் ஈயம் உருகி வந்துவிடுமே என்றாள். "ஆக்கித் தின்ன சோளத்துக்கே வெறகு இல்ல, இவளுக்கு இரும்பு வேகணும்" என்று அம்மா அவளை இழுத்துக்கொண்டு போனாள். அண்ணாச்சி குழாயின் இரண்டு பக்கமும் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு நிறுத்தி வைத்தார். மறுநாள் பட்டறையிலிருந்து வரும்போது, குழாய்க்குள் அசையாமல் நுழைகிற கனத்தில் பித்தளைக் கம்பி ஒன்றைக் கடைந்து எடுத்து வந்தார். இரும்பென்றால் உள்ளே கீறிவிடுமாம். குழாயைத் துணி சுற்றி மரக்கட்டையில் பிடித்துக்கொண்டு, கம்பியை உள்ளே விட்டு, சின்ன மரச்சுத்தியால் தட்டினார்.

டொக்.

தகரத்தில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். டொக். டொக். அண்ணாச்சி நிறுத்தி, இன்னும் எண்ணெய் விட்டார். அவசரமே படவில்லை. கதவைத் தட்டி, யாராவது திறப்பார்களா என்று காத்திருந்து மறுபடி தட்டுகிறவர் மாதிரி தட்டினார். வெகுநேரம் கழித்து ஓட்டை வழியாகப் பார்த்தேன். பூஜைக்கு வைத்த அதே பித்தளைத் தட்டு கீழே இருந்தது. கம்பி சட்டென்று உள்ளே இறங்க, புளியங்கொட்டை அளவு ஒன்று தட்டில் விழுந்தது.

மாமா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி மிச்சத் தோட்டாக்களை மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுருங்கியது. "தங்கச்சி, இதுல என்ன தடவினே? தேங்கா எண்ண வாசம் அடிக்கி. இடுக்குல மஞ்சளா வேற இருக்கு."

அத்தை தயங்கினாள். "ஆயுத பூசைக்கிண்ணே. கறுத்துப் போயிக் கெடந்துச்சு. செம்பு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேச்சேன். பொறவு விடிய விடிய எண்ணெயில ஊறப் போட்டேன். அருவாளுக்கு அப்படித்தான செய்வோம், துருப் புடிக்காம."

"ஊறப் போட்டியா?"

"சந்தனமும் கரைச்சு."

அண்ணாச்சிக்குத் தோள் குலுங்கியது. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "துப்பாக்கிக்கு எண்ணெக் குளியல் போட்ட மகராசி நீ ஒருத்திதான். எண்ண உள்ள எறங்கி மருந்து நமத்துப் போச்சு. கேப்பு மட்டும் பொரிஞ்சு குண்ட ரெண்டு வெரக்கடை தள்ளியிருக்கு. ஓய் பூலோகம், உம்ம பொண்டாட்டி ஒரு உசுரக் காப்பாத்தியிருக்கா. ரெண்டு உசுருன்னே வச்சிக்கிடும்."

மாமா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கரீம் பாட்சா ஊரிலிருந்து வந்தார். அத்தை எல்லாவற்றையும் சொல்லி, துண்டுகளையும் தோட்டாவையும் குண்டையும் துணியோடு அவர் முன்னால் வைத்தாள். அவர் ரொம்ப நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "இத வாங்கித் தந்தது எம் புத்தி. அல்லா உங்க கையில எண்ணெயக் குடுத்திருக்கான்" என்றார். கோட்டையில் துப்பாக்கிக் கடையில் தானே கொண்டு ஒப்படைத்துவிட்டு வந்து, மாமாவுக்கு மூங்கில் கம்பு ஒன்று கொடுத்தனுப்பினார். பழையபடி டூட்டிக்கு வரலாம் என்று சொல்லியனுப்பினார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

மாமா தினமும் சாயங்காலம் காக்கிச் சட்டையை மாட்டுவார். கம்பை எடுப்பார். வாசல்வரை வருவார். சந்தில் சாக்குகள் போய்க்கொண்டிருக்கும். அப்படியே நின்றுவிட்டு உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றுவார்.

"குண்டு வெளிய போகலன்னு கண்ணால பாத்தீங்க. கையில வச்சுப் பாத்தீங்க. இன்னும் என்ன?"

"குண்டுதான் போகல."

"பொறவு?"

"நான் மறுபடியும் அமுத்தினேன்லா."

அத்தை அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள்.

"புஸ்ஸுன்னு போனதும் விட்டிருக்கணும். அவன் நின்னுட்டான். நின்னவனப் பாத்துத்தான் அமுத்தினேன். அவன் என்னையப் பாத்தான் பேராச்சி. சாக்குக்குள்ள மொகந்தான் தெரியல. பாத்தது தெரிஞ்சுச்சு. உசுரோடதான் இருக்கான். எந்தச் சாக்குக்குள்ள இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இனிமேல் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்று கரீம் பாட்சா சொல்லிவிட்டார். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான். அன்று சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு பெய்தது. சோளக் கஞ்சி கொதிக்கிற வாசனை. ஓட்டை வழியாகப் பார்த்தேன். மாமா அடுப்பண்டை உட்கார்ந்து கிளறிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து அத்தை வந்தாள்.

வாசலில் நின்று சாக்கை எடுக்கத்தான் கையைத் தூக்கினாள். அதற்குள் மாமா நிமிர்ந்துவிட்டார். பயந்து மூலைக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார்.

"உள்ள வாரும்" என்றார். "நனையாதீரும்."

அத்தையின் கை அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கிச் சாக்குக்குள் போய்விட்டது. குனிந்து உள்ளே வந்து, சாக்கை இன்னும் கொஞ்சம் முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளைச் சுற்றித் தரையில் தண்ணீர் வட்டமாகப் பரவியது.

மாமா தட்டில் கஞ்சி ஊற்றினார். கருவாட்டுத் துண்டு ஒன்றை எடுத்து ஓரத்தில் வைத்தார். சாக்குக்குள்ளிருந்து ஒரு கை வந்து தட்டை வாங்கியது. உப்பு அரித்த கை. கண்ணாடி வளையல் இரண்டும் முழங்கைப் பக்கம் ஏற்றிவிடப்பட்டிருந்தன. மாமா அந்தக் கையைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்தார்.

"உமக்கு அடி ஒண்ணும் படலையே?"

"இல்ல." தடித்து மாற்றிக்கொண்ட ஒரு குரல்.

"கையில என்ன வச்சிருந்தீரு அன்னிக்கி?"

சாக்கு கஞ்சித் தட்டைத் தரையில் வைத்தது.

"கம்புதான். சேறு வழுக்கும்லா."

"நான் கம்புன்னு நெனைக்கல."

"தெரியும்."

மாமா தலையை ஆட்டினார். அவள் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். தட்டை அவரே வாங்கிக் கழுவிக் கவிழ்த்தார். காக்கிச் சட்டையை மாட்டி, பொத்தான் போட்டு, மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"மழை விடாது போல இருக்கு. அந்தச் சாக்கத் தாரும்."

அத்தை சாக்கை உருவிக் கொடுத்தாள். கலைந்த தலையோடு நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். சந்து நிறையக் கிட்டங்கி விட்டு வருகிற கூட்டம். கையில் நீளமாக ஏதோ வைத்திருந்த ஒரு சாக்கு அதற்குள் நுழைந்தது. எதிரே வந்த இன்னொரு சாக்கு அதற்கு ஒதுங்கி வழி விட்டது. அதற்கப்புறம் அதில் எது மாமா என்று எனக்குத் தெரியவில்லை.